மணல் ஓவியமும் மனநலமும்

கோலம் போடத் தெரிந்த தாய்மார்களும் சகோதரிகளும் ஒரு நிமிடம் கையை நீட்டுங்கள். கிண்ணத்திலிருந்து மாவை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல வழியவிடுவதுபோல் விரலை அசைத்துப் பாருங்கள். இந்தப் பிடியை உங்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா போட்டார், நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தீர்கள், வந்துவிட்டது.

பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் வறண்ட மேட்டு நிலத்தில், ஏறக்குறைய இதே பிடியில் வண்ண மணலை வழியவிட்டுப் படம் எழுதுகிற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை அழகுக்காக எழுதுவதில்லை. நோயாளியைத் தேற்றுவதற்காக எழுதுகிறார்கள். நவாஹோ என்பது அவர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் ‘டினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு ‘மக்கள்’ என்றுதான் பொருள்.

அவர்களுடைய நாடு அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்ற மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பாதிக்கும் மேலான பரப்பு. 1864ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சொந்த மண்ணிலிருந்து கிளப்பி, நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோய் ஒரு முகாமில் அடைத்தது. வழியில் விழுந்தவர்கள் பலர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1868ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஆடுகளையும் தோட்டங்களையும் இழந்திருந்த அந்த மக்களிடம் பாட்டும் மணல் ஓவியமும் மட்டும் தங்கியிருந்தன. பிழைக்கப் போன இடத்தில் கையில் ஒன்றுமில்லாமல் இறங்கிய பாட்டன் பாட்டிமாரின் பிள்ளைகளாகிய நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் என்றால் என்ன என்பதற்கு டினே மக்களிடம் தனிக் கணக்கு ஒன்று உண்டு. ‘ஹோஜோ’ என்ற ஒரு சொல்லில் அழகு, ஒழுங்கு, நலம், இணக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வருகிற சொல் ‘சீர்’. “உடம்பு சீராக இல்லை” என்கிறோம். “சீரான வேலைப்பாடு” என்கிறோம். உறவில் கொடுப்பதையும் சீர் என்றே சொல்கிறோம். மனிதன் தன் உறவோடும் மண்ணோடும் தெய்வங்களோடும் இருந்த அந்தச் சீரிலிருந்து விலகும்போது நோய் வருகிறது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே குணமாக்குவது என்றால் அவனை மறுபடி அந்தச் சீருக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பது. ‘உட்காரவைப்பது’ என்று நான் சொல்வது வெறும் பேச்சு வழக்கல்ல. உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள்.

வைத்தியருக்கு அவர்கள் மொழியில் ‘ஹத்தாலி’ என்று பெயர். ‘பாடுகிறவர்’ என்பது அதன் பொருள். ஒரு பெரிய சடங்கைப் பிழையில்லாமல் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆகும். எழுதி வைத்துப் படிப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். சடங்கு இரண்டு மூன்று இரவும் நடக்கலாம், ஒன்பது இரவும் நடக்கலாம். சொந்தக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். ஆடு வெட்டிச் சமைக்கிறார்கள். செலவைக் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. கிழக்குப் பார்த்த வாசலுள்ள வீட்டின் தரையில் சுத்தமான மணலைப் பரப்பி, அதன்மேல் படம் எழுதத் தொடங்குகிறார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மண்பாறையை அரைக்கிறார்கள். வெள்ளைக்கு ஜிப்சம் என்ற சுண்ணாம்பு போன்ற கல். கறுப்புக்குக் கரி. கரியோடு வெள்ளை மணலைக் கலந்தால் நீலம்போல் ஒரு சாம்பல் நிறம் வருகிறது. அதுவே அவர்களுக்கு நீலம். பாடுகிறவர் அருகிலிருந்து சரிபார்க்க, உதவியாட்கள் மணிக்கணக்கில் குனிந்து எழுதுகிறார்கள். தெய்வ உருவங்கள், சோளக் கதிர், மலை, மின்னல், பாம்பு. எல்லாவற்றையும் மூன்று பக்கம் சூழ்ந்து வானவில் ஒன்று காவல் நிற்கும். கிழக்குப் பக்கம் திறந்திருக்கும். அந்த வழியாக நன்மை உள்ளே வரவேண்டும்.

படம் முடிந்ததும் நோயாளியை அதன் நடுவில் உட்காரவைக்கிறார்கள். ஆம், அத்தனை பேர் பாடுபட்டு எழுதிய படத்தின் மேலேயே! பாடுகிறவர் ஈரக் கையால் ஓவியத்தில் உள்ள தெய்வத்தின் காலைத் தொட்டு நோயாளியின் காலில் வைக்கிறார். முழங்காலுக்கு முழங்கால், மார்புக்கு மார்பு, தலைக்குத் தலை. படத்தின் மணல் நோயாளியின் உடம்பில் ஒட்டுகிறது. பிறகு ஓவியம் முழுவதையும் கலைத்து, மணலை வாரிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். அன்று எழுதியது அன்றே கலைந்துவிடும்.

இதை முதன்முதலில் படித்தபோது, கலைப்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அத்தனை வேலைப்பாட்டையும் வீணாக்குகிறார்களே என்று தோன்றியது. பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா விடியுமுன் எழுந்து போட்ட கோலத்தை, பெரட்டுக்குப் போகிற கால்களும் பள்ளிக்கூடம் போகிற கால்களும் ஏழு மணிக்குள் மிதித்துவிடும். மிச்சத்தை எறும்பு தின்னும். அம்மா ஒருநாளும் அதை வீண் என்று சொன்னதில்லை.

இனி டாக்டர்கள் பக்கம் வருவோம். படம் வரைவதும் சிற்பம் பிடிப்பதும் மனநோய்க்கும் மனச்சோர்வுக்கும் துணை மருந்தாகும் என்று மருத்துவமனைகளில் செய்கிறார்களே, அதற்கு ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர். நாம் கலைவழிச் சிகிச்சை என்று சொல்லலாம். இந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். 1938ல் அவருக்குக் காசநோய் கண்டு, இங்கிலாந்தில் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் காசநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. மாதக்கணக்கில் படுக்கைதான். பொழுது போகாமல் கண்ணுக்கு எதிரே இருந்த பொருள்களை வரையத் தொடங்கினார். தன் மனம் தேறுவதைத் தானே கண்டார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் பென்சிலும் காகிதமும் கொடுத்துப் பழக்கினார். 1942ல் அவர் இதற்கு ஆர்ட் தெரபி என்று பெயர் சொன்னார். 1945ல் புத்தகமும் எழுதினார்.

நேயர்களே, கவனியுங்கள். டாக்டர்கள் உலகில் இந்தப் பெயருக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. காரியமோ மிகப் பழையது.

வரைவது எப்படி மனத்தைத் தேற்றும்? சொல்ல முடியாத துக்கம் ஒன்று உள்ளே கிடக்கிறது. “என்னம்மா செய்கிறது?” என்று டாக்டர் கேட்டால், “தலை வலிக்குது, நெஞ்சை அடைக்குது” என்பதற்குமேல் நம்மவர்களுக்கு வார்த்தை வருவதில்லை. மனக் கஷ்டம் என்று வெளியே சொன்னால் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கை வரைகிறபோது வாய்க்கு அந்த வேலை இல்லை. உள்ளே இருப்பது வெளியே வந்து கண்முன்னால் கிடக்கிறது. அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். இன்னொன்று, கையும் கண்ணும் ஒரே காரியத்தில் பதிகிறபோது மூச்சு நிதானப்படுகிறது. ஓடிக்கொண்டே இருந்த நினைப்பு சற்று நிற்கிறது. அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் படம் வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். மனப் பதற்றத்தின்போது உடம்பில் ஊறுகிற கோர்ட்டிசோல் என்ற சுரப்பை எச்சிலில் அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. 39 பேர் என்பது சிறு கூட்டந்தான். அதைக் கொண்டு பெரிய முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனாலும் கோலம் போட்டு நிமிர்கிற தாய்மார்களுக்கு இந்தச் செய்தி வியப்பாக இராது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். படம் தேற்றுகிறது என்றால் எந்தப் படமும் எவரையும் தேற்றிவிடுமா? தேற்றாது. டினே மக்களின் மணல் ஓவியத்தில் நோயாளி காண்கிற ஒவ்வோர் உருவமும் அவன் குழந்தையாக இருந்தபோது பாட்டி சொன்ன கதையில் வந்தது. சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அவனுடைய உறவினர்கள். “உனக்காக நாங்கள் வந்திருக்கிறோம்” என்று வாயால் சொல்லாமலே அந்தக் கூட்டம் சொல்லிவிடுகிறது. அதே மணல் ஓவியத்தை இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியில் நாலு வண்ண மணலைக் கொடுத்துச் செய்யச் சொன்னால், அது பொழுதுபோக்காக இருக்கலாம், அந்த மருந்தாகாது. அதுமட்டுமல்ல, அது அவர்களுடைய புனிதப் பொருளைக் கேட்காமல் எடுத்ததும் ஆகும். இதில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். ஹஸ்டீன் க்ளா என்று பேர்பெற்ற பாடகர் ஒருவர் இருந்தார், நெசவிலும் கைதேர்ந்தவர். கலைந்துபோகவேண்டிய புனித ஓவியங்களை அவர் கம்பளத்தில் நெய்து நிலைக்கவைத்தபோது அவருடைய மக்களில் பலர் அஞ்சினார்கள். அவர் 1937ல் காலமானார். இன்று கடையில் விற்பதற்காகப் பலகையில் மணலை ஒட்டிச் செய்கிறவர்கள், ஒரு நிறத்தையோ ஓர் உருவத்தையோ வேண்டுமென்றே மாற்றிவிடுகிறார்கள். விலைக்குப் போவது படம் மட்டும். மருந்து வீட்டிலேயே இருக்கிறது.

சில நேயர்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. “அப்படியானால் டாக்டர் வேண்டாமா? மந்திரமும் படமும் போதுமா?” போதாது. இதற்கும் அந்த மக்களிடமே பதில் இருக்கிறது. 1951ல் அவர்களுடைய ஆட்சி மன்றத்துக்கு ஆனி வௌனேக்கா என்ற பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். காசநோய் அப்போது அங்கே வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சினார்கள். போனவர்களும் பாதியில் ஓடிவந்தார்கள். அந்த அம்மையார் வீடு வீடாகப் போனார். கிருமி என்றால் என்ன என்று அவர்களுடைய மொழியில், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பாடுகிறவர்களை அவர் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். சடங்கு மனத்தைத் தேற்றட்டும், கிருமியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பக்கத்தையும் இணைத்துவைத்தார். 1963ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1969ல் ரஃப் ராக் என்ற ஊரில் முதிய பாடகர்கள் இளையவர்களைப் பழக்குவதற்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதற்கு அமெரிக்க அரசின் மனநல நிலையமே பணம் கொடுத்தது. மனநல டாக்டர் ஒருவரும் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை அவர் கேட்டார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட வழக்கம் உண்டு. பகாங் மாநிலத்தில் குவாலா கிராவ் பக்கத்தில் வாழ்கிற ஜா ஹூட் என்ற ஓராங் அஸ்லி மக்கள், நோயைக் கொண்டுவருகிற ஆவிகளை மரத்தில் செதுக்குவார்கள். பழைய வழக்கப்படி, நோயாளியைப் பிடித்திருப்பதை அந்தப் பொம்மைக்கு மாற்றி, பொம்மையைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பூலாவ் கேரியில் செம்பனை வேலை பார்த்தவர்களுக்கு மா மெரி மக்களின் முகமூடிகளும் மரச் சிற்பங்களும் தெரிந்திருக்கும். மரத்தைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த வழியாகப் போயிருப்பீர்கள். உள்ளே இருக்கிற பயத்துக்கு ஒரு முகம் செதுக்கி, “இதோ இதுதான் என்னைப் பிடித்திருந்தது” என்று கையில் எடுத்துக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் வாசல். நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், எங்கள் லயத்தில் நாலாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய ஏழு வயதுப் பையன் ஆற்றில் போய்விட்டான். துக்க வீட்டில் கோலம் போடமாட்டார்கள் அல்லவா? கருமாதி முடிந்தும் அந்த வாசலில் கோலம் விழவில்லை. மாதங்கள் போயின. அக்கா வேலைக்குப் போவார், வருவார், யாரோடும் பேசமாட்டார். இரவில் தூங்குவதில்லை என்று சுவருக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். எதிர் லயத்தில் ஒரு பாட்டி. ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் தூக்கி வளர்த்தவர். அவர் ஒரு நாள் விடியற்காலையில் போய், அந்த வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, புள்ளி மட்டும் வைத்துவிட்டு வந்துவிட்டார். கோடு இழுக்கவில்லை. மறுநாளும் புள்ளி. அதற்கு மறுநாளும் புள்ளி. “ஏன் பாட்டி பாதியிலேயே விட்டுடறீங்க?” என்று நான் கேட்டேன். “அது அவ வேலைடா” என்றார். எத்தனை நாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் நாலு புள்ளியைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. மற்றவை அப்படியே கிடந்தன.

அக்கா அதோடு குணமாகிவிட்டார் என்று கதை சொல்லமாட்டேன். டிரஸ்ஸர் எழுதிக்கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நெடுநாள் மாத்திரை சாப்பிட்டார். அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போய்வந்ததும் அந்தப் பாட்டிதான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இன்று அந்த லயம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். அடுக்கு மாடி வீட்டில் வாசல் என்று சொல்ல ஒரு முழ இடம். அதுவும் எல்லாரும் நடக்கிற நடைபாதை. மாவுக் கோலம் போட்டால் எறும்பு வருகிறது என்று பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டிவிட்டோம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒட்டுக் கோலத்தில் வாசலுக்குத்தான் அலங்காரம். கைக்கு ஒரு வேலையும் இல்லை. விடியற்காலையில் யாருடைய வாசல் வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்த்து அவர்கள் நிலையை அறிந்துகொள்ளும் வழியும் அதோடு போயிற்று. லயத்தில் கோலம் விழாத வாசலை எல்லாரும் கவனிப்பார்கள். பதினான்காவது மாடியில் மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் ஆறு மாதம் அழுதாலும் தெரிவதில்லை.

வீட்டில் யாராவது அப்படி ஒடுங்கிப் போயிருந்தால், வயதான அம்மாவோ, வேலை இழந்த தம்பியோ, பிள்ளை பெற்றுச் சோர்ந்திருக்கிற மருமகளோ யாரானாலும் சரி, வண்ணப் பென்சில்தான் வேண்டும் என்றில்லை. அவர் கைக்குப் பழகியது எது என்று பாருங்கள். கோலமாக இருக்கலாம், பூக்கட்டுவதாக இருக்கலாம், தென்னங்குருத்தில் தோரணம் பின்னுவதாக இருக்கலாம். தரையில் குந்த முடியாதவர்களுக்கு ஒரு கறுப்புப் பலகையை மேசைமேல் வைத்து மாவைக் கொடுங்கள். “அழகாக இல்லையே” என்று சொல்லாதீர்கள், “ஏன் அழுகிறாய்?” என்றும் தோண்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று போடுங்கள்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். “எனக்கு வாழவே பிடிக்கவில்லை” என்ற பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கே போங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். போலீஸ் வருமோ என்று அஞ்சவேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களைக் குற்றவாளியாக்கிய பழைய சட்டப் பிரிவு சிங்கப்பூரில் 2020லிருந்து இல்லை. மலேசியாவிலும் 2023ல் அதை நீக்கிவிட்டார்கள். கிளினிக்கில் வரிசை நீளமாக இருக்கும். போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் புள்ளி வைத்துக் கொடுங்கள். கோட்டை அவர் இழுக்கட்டும்.